இன்னும் ரெண்டு மாசம்

பத்தாவது வாரத்து ஸ்கேனில் துடிப்பு இல்லை. தேனியில் நாங்கள் காட்டிவந்த டாக்டரம்மா திரையை இருமுறை பார்த்துவிட்டு, "வளர்ச்சி நின்னுருச்சும்மா" என்றார். மாத்திரை கொடுத்து, இரண்டு நாள் வைத்திருந்து அனுப்பினார்கள். கிளம்பும்போது, "ஒரு தடவை ஒழுங்கா பீரியட்ஸ் வந்து தலைக்குக் குளிச்சிரு. அதுக்கப்புறம் உடம்பு தடுக்காது. மனசு எப்பத் தயாரோ, அப்பப் பாத்துக்கலாம்" என்றார். மனசு தயாரானது எப்படித் தெரியும் என்று கேட்க நினைத்தேன். வெளியே நிறையப் பேர் காத்திருந்தார்கள். பையை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டேன்.

எங்கள் வீடு கம்பம் பக்கத்துக் கூடலூரில். நான் மலைமேல், எல்லையில் இருக்கும் குமுளியில் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை பார்க்கிறேன். ஏலத்தோட்டத்துக்கு ஆள் ஏற்றிப் போகும் ஜீப்பில்தான் தினமும் மலை ஏறுவேன். அதனால் என் கரு கலைந்த காரணம் தெருவுக்கே தெரிந்திருந்தது. "அந்த ஜீப்புல குலுங்கிக் குலுங்கிப் போனா எங்கிட்டுத் தங்கும்?" என்று தண்ணீர் பிடிக்கிற இடத்தில் ஒருத்தி சொன்னாள். எட்டு மாத வயிற்றோடு அதே ஜீப்பில் ஏறி இறங்கிய பெண்களை எனக்குத் தெரியும். வாதாடத் தெம்பில்லை.

பத்து நாள் கழித்து வேலைக்குப் போனேன். முதல் நாளே நான்கு கர்ப்பப் பரிசோதனைகள். ஒரு மலையாளப் பெண் கவுண்டர் விளிம்பைப் பிடித்துக்கொண்டு, "சேச்சி, எந்தாயி?" என்று முடிவைக் கேட்டாள். "பாசிட்டிவ்" என்றேன். என் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். நான் சிரித்தேன். அன்று சாயங்காலம் மலை இறங்கும்போது கன்னம் வலித்தது.

மாமியார் மாதம் ஒருமுறை கேட்பார். "இந்த மாசமும் குளிச்சிட்டியா ஆத்தா?" குளித்துவிட்டேன் என்பேன். "முப்பத்தொண்ணு ஆச்சு. நாளக் கடத்தாதீக. வீரபாண்டியில அம்மனுக்குத் தீச்சட்டி எடுக்குறேன்னு நேந்திருக்கேன். திருவிழாவுக்குள்ள நல்ல சேதி வந்துரணும்." முழங்கால் வலியோடு அந்தச் சட்டியைத் தூக்கப்போவது அவர்தான் என்பதால் கோபப்படவும் முடியவில்லை. ஜெயமங்கலத்திலிருந்து என் அம்மா போன் செய்து, "ஒரு வருசம் போகட்டும்டி, உடம்பு தேறட்டும்" என்பாள். இருவருக்கும் சரி சரி என்றே சொல்லிவந்தேன்.

கணவர் மட்டும் எதுவும் சொல்லவில்லை. அவருக்குத் திராட்சைத் தோட்டம். முன்பெல்லாம் பூச்சிமருந்தடித்த சட்டையை வாசலிலேயே கழற்றிப் போடுவார், மறுநாள் நான் துவைப்பேன். இப்போது தோட்டத்திலேயே குளித்துவிட்டு ஈரச் சட்டையோடு வந்தார். பேச்சு குறைந்தது. படுத்தால் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொள்வார். என்னைக் கண்டால் பிடிக்கவில்லை என்று நினைத்தேன். நான்கு மாதம் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

மாசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானச் சோறு எடுத்துக்கொண்டு தோட்டத்துக்குப் போனேன். மோட்டார் ரூம் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து சட்டைக்குச் சோப்புப் போட்டுக்கொண்டிருந்தார்.

"இத ஏன் இங்கன துவைக்கிறீக?"

"வீட்டுல நீ தொட வேணாம்னுதான்."

"ஏன்?"

அவர் சட்டையைப் பிழிந்தார். பிறகு தலையைத் தூக்காமலே சொன்னார். "நீ உண்டாயிருந்தப்ப இத எல்லாம் வெறுங்கையாலதான துவைச்ச. அம்புட்டும் மருந்து. நான் யோசிக்கவே இல்ல. எல்லாரும் ஜீப்பு ஜீப்புனாக. ஜீப்புன்னே இருக்கட்டும்னு விட்டுட்டேன்."

அவர்மீது இரக்கம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. "ஊரே என்னையச் சொல்லுச்சு. கேட்டுக்கிட்டா இருந்தீக?" என்றேன்.

"ஆமா" என்றார்.

சோற்றுத் தூக்கை வைத்துவிட்டு வரப்பில் உட்கார்ந்தேன். கத்தலாம் என்று நினைத்தேன், முடியவில்லை. அவரும் நானும் இந்த நான்கு மாதமும் ஒரே வீட்டில் தனித்தனியாகப் பழியைச் சுமந்துகொண்டிருந்திருக்கிறோம். அதை நினைக்கவே அசதியாக இருந்தது.

அடுத்த வாரம் இருவரும் தேனிக்குப் போனோம். மருந்துச் சட்டையைப் பற்றி அவரே கேட்டார். டாக்டரம்மா கேட்டுவிட்டுச் சொன்னார்: "ஆரம்பத்துல கலையறது பெரும்பாலும் கரு சரியா அமையாததாலதான். உங்க விஷயத்துல இதுதான் காரணம்னு யாராலயும் கைகாட்ட முடியாது. மருந்துச் சட்டைய இனிமே அவங்க தொட வேணாம், அது எப்பவுமே நல்லது. ஆனா அதையே நெனச்சு மண்டைய உடைச்சுக்காதீங்க."

பஸ் ஸ்டாண்டில் டீ குடித்தோம். "அறுப்பு முடியட்டும், மருந்தடிப்பு நிக்கட்டும். அப்புறம் பாப்போமா?" என்று கேட்டார்.

"உங்க மருந்துக்காகவும் வேணாம், அத்தையோட சட்டிக்காகவும் வேணாம். எனக்கு அசதியா இருக்கு. இன்னும் ரெண்டு மாசம் குடுங்க. அதுவரைக்கும் யாரும் என்னைய எதுவும் கேக்கக் கூடாது."

"ரெண்டு மாசம் போதுமா?"

"தெரியல. அப்பச் சொல்றேன்."

ஏன் இரண்டு என்று எனக்கே தெரியாது. ஒரு எண்ணைச் சொன்னால்தான் விடுவார்கள் என்று தோன்றியது.

அவர் தன் அம்மாவிடம் என்ன சொன்னாரோ, மாமியார் கேட்பதை நிறுத்திவிட்டார். ஆனால் கேட்காமல் இருப்பதை என் முகத்துக்கு நேராகவே செய்தார். மாதுளையை உரித்து, பேசாமல் முன்னால் வைத்துவிட்டுப் போவார். சித்திரையில் சொன்னபடி தீச்சட்டி எடுத்தார். தண்ணீர்ப் பாட்டிலோடு நான் பக்கத்தில் நடந்தேன். சட்டியை இறக்கியதும் என் தோளைப் பிடித்துக்கொண்டு, "உனக்காகத்தான் எடுத்தேன். புள்ளைக்காக மட்டும் இல்ல" என்றார். அதை நம்பினேனா என்று இன்றைக்கும் சொல்லத் தெரியவில்லை. ஆனால் தோளை அசைக்காமல் அப்படியே நின்றேன்.

இரண்டு மாதம் முடிந்தபோது மனம் தயாராகவில்லை. பயம் அப்படியே இருந்தது. அசதிதான் கொஞ்சம் குறைந்திருந்தது. ஒருநாள் காலை தோசை ஊற்றிக்கொண்டே, "இனிமே பாக்கலாம்" என்றேன். அவர் "சரி" என்று சொல்லிவிட்டு, சட்னி கேட்க மறந்து வெறும் தோசையைத் தின்றார்.

மூன்று மாதம் ஒற்றைக் கோடு. வேலைக்குப் போனதும், ஆட்கள் வருவதற்கு முன்னால் நானே எனக்குப் பார்த்துக்கொள்வேன். பார்த்துவிட்டுக் குப்பையில் போட்டுவிட்டு முதல் ஆளைக் கூப்பிடுவேன். நான்காவது மாதம் இரண்டு கோடு. போனில் அவரிடம் சொன்னேன். பின்னால் மோட்டார் ஓடும் சத்தம் மட்டும் கேட்டது. "நீ பத்திரமா எறங்கி வா" என்றார்.

அந்தக் கரு தங்கியது. மகளுக்கு இப்போது பதினோரு மாதம். ஆனால் பத்தாவது வாரத்து ஸ்கேனில் துடிப்பைக் கேட்ட நாளை நினைத்தால், சந்தோஷம் எதுவும் எனக்கு ஞாபகத்தில் இல்லை. தேனியில் பஸ் ஏறி உட்கார்ந்ததும் அப்படி ஒரு தூக்கம் வந்தது. சின்னமனூர் தாண்டியது, உத்தமபாளையம் தாண்டியது எதுவும் தெரியாது. கம்பத்தில் அவர் எழுப்பி, தண்ணி வேணுமா என்று கேட்டார். வேண்டாம் என்று தலையாட்டிவிட்டு மறுபடியும் கண்ணை மூடிக்கொண்டேன்.