கொசுறாக வந்த சவுண்டு கார்டு

எங்கள் வீட்டுக் கம்ப்யூட்டர் கண் விழிப்பதற்குள் அம்மா உலை வைத்து, அரிசி களைந்து போட்டு, முந்தானையில் கை துடைத்தபடி வந்து, "இன்னாடி, இன்னும் எந்திரிக்கலியா உன் தொர?" என்று கேட்பாள். எந்திரித்திருக்காது. திரையில் மணல் கடிகாரம் மட்டும் கவிழ்ந்து கவிழ்ந்து நிமிரும். 'தொர' என்ற பெயர் அதற்கு அப்படித்தான் வந்தது.

பாரிமுனையில் ஏதோ ஏற்றுமதி ஆபீசை மூடியபோது மேஜை நாற்காலியோடு சேர்த்துத் தள்ளிவிட்ட சரக்கு அது. அப்பா கன்டெய்னர் லாரி ஓட்டினார். அந்த ஆபீஸ் சாமான்களை ஏற்றி இறக்கிய பழக்கத்தில், கூலியில் கொஞ்சம் கழித்துக்கொண்டு இதை வீட்டுக்கு எடுத்து வந்தார். வெள்ளையாகப் பிறந்து, எங்களிடம் வரும்போது வெற்றிலை போடுகிறவர் பல் மாதிரி பழுத்திருந்தது. ஃபேக்ஸ் அனுப்புவதற்காக அந்த ஆபீஸ்காரர்கள் மோடம் வைத்திருந்தார்கள். மற்றபடி ஆள் ஊமை. பாட்டு கிடையாது, பேச்சு கிடையாது, தப்பு செய்தால் உள்ளேயிருந்து ஒரு 'பீப்'. அவ்வளவுதான்.

திருவொற்றியூரில் எண்ணூர் நெடுஞ்சாலைக்கு ஒரு தெரு உள்ளே எங்கள் வீடு. பெரிய லாரி போனால் மானிட்டர் நடுங்கும். ஒரு பக்கம் உப்புக்காற்று, இன்னொரு பக்கம் கரித்தூள். இரண்டிலிருந்தும் தொரையைக் காப்பாற்ற, பழைய ஜன்னல் திரையைக் கிழித்து அம்மா உறை தைத்துப் போட்டிருந்தாள். எனக்குக்கூட அவள் அவ்வளவு அக்கறையாக ஒரு துணி தைத்ததில்லை என்று நான் சொல்வேன். "நீ என்ன கரெண்டுலயா ஓடுற?" என்பாள்.

அந்தக் கம்ப்யூட்டரை வைத்து நான் டைப் அடித்துச் சம்பாதித்தேன். கல்லூரிப் பிள்ளைகளின் புராஜெக்ட், கல்யாணத்துக்கு ஜாதகத்தோடு கொடுக்கிற பயோடேட்டா, இப்படி. எழுத்து மட்டும் என்றால் தொர தாங்கும். நடுவில் ஒரு படத்தை வைத்தால் போச்சு, அப்படியே கல்லாய்ச் சமைந்துவிடும். மெமரி போதவில்லை, இன்னும் கொஞ்சம் வாங்கிப் போட்டால் சுறுசுறுப்பாகிவிடும் என்று எல்லோரும் சொன்னார்கள். டைப் அடித்த காசில் மெமரி வாங்கும் அளவுக்குச் சேர்த்தும்விட்டேன். புதுக் கம்ப்யூட்டர் என்பதெல்லாம் எங்கள் தெருவுக்கு இன்னும் வராத பேச்சு.

இந்த நேரம் பார்த்துத்தான் அம்மாவுக்கு விஷயம் தெரிந்துவிட்டது.

அண்ணன் அப்போது பஹ்ரைனில் வெல்டர். போய் இரண்டு வருஷம் ஆகியிருந்தது. வெள்ளிக்கிழமை தோறும் போன் கார்டு வாங்கிப் போட்டு, அங்கேயிருந்து எங்கள் வீட்டு போனுக்குக் கூப்பிடுவான். அம்மா "நல்லா கீறியா, சாப்ட்டியா" என்று ஆரம்பித்து மூச்சு விடுவதற்குள், நடுவில் ஒரு பெண் குரல் புகுந்து, இன்னும் ஒரு நிமிஷம்தான் இருக்கிறது என்று இங்கிலீஷில் சொல்லும். அம்மாவுக்கு அந்தப் பெண்மேல் தீராத பகை. "வந்துட்டா பாரு! பெத்தவ பேசினு இருக்கேன், நடுவுல இவளுக்கு இன்னா வேல?" என்று திட்ட ஆரம்பிப்பாள். அந்தத் திட்டிலேயே மிச்ச நிமிஷமும் போய்விடும். டொக்கென்று கட்டாகும். ரிசீவரைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் அதையே பார்ப்பாள். "இன்னும் ஒண்ணுமே சொல்லலியேடி" என்பாள். சமயத்தில் எனக்கு அதைப் பார்க்கவே பிடிக்காது, எழுந்து போய்விடுவேன்.

கம்ப்யூட்டர் வழியாக லோக்கல் போன் காசுக்கே வெளிநாட்டில் இருப்பவர்களோடு பேசலாம், நடுவில் எந்தப் பெண்ணும் வரமாட்டாள் என்று நான்தான் ஒரு நாள் வாய் தவறி உளறினேன்.

"அப்ப நம்ம தொர ஏன் பேச மாட்டேங்கிறான்?"

"அதுக்கு சவுண்டு கார்டு வேணும்மா. இதுல இல்ல."

"வாங்கு."

"கீற காசுக்கு ஒண்ணுதான் வாங்க முடியும். மெமரியா, சவுண்டா?"

அம்மா இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. பிறகு அவளாகவே இறங்கி வந்தாள். "உன் பொழப்பு, உன் காசு. மெமரியே வாங்கு. ஆனா நான் கூட வர்றேன். நீ தனியா போனா மொட்ட அடிச்சி அனுப்பிடுவான்." காசிமேட்டில் மீன் வாங்கி வாங்கித் தேறிய வாய் அது. எனக்கும் துணைக்கு ஆள் வேண்டியிருந்ததால் சரி என்றேன். அவள் மனதில் வேறு கணக்கு ஓடியது எனக்குத் தெரியாது.

மறுநாள் பால் வருவதற்கு முன்னாலேயே என்னை எழுப்பினாள். "போணி ஆவறதுக்குள்ள போயி நிக்கணும்டி. மொத வியாபாரத்த எவனும் திருப்பி அனுப்ப மாட்டான்." திருவொற்றியூரில் ரயில் ஏறி, சென்ட்ரலில் இறங்கி, பஸ் பிடித்து ரிச்சி தெருவுக்குப் போய்ச் சேர்ந்தால் அங்கே நாய்கள்கூடத் தூங்கிக்கொண்டிருந்தன. மீன் விற்பவர்கள் விடியற்காலையில் கடை போடுவார்கள், கம்ப்யூட்டர் விற்பவர்கள் குளித்துச் சாப்பிட்டுப் பத்தரை மணிக்குத்தான் வருவார்கள் என்று அம்மாவுக்கு யார் சொல்வது? நான் சொன்னேன்தான். கேட்டால்தானே? மூடிய ஷட்டர் முன்னால் கொண்டுபோன இட்லியைப் பிரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தோம்.

கடைக்காரர் சின்ன வயதுக்காரர். சாவியோடு வந்தவர் எங்களைப் பார்த்துத் திடுக்கிட்டார். ஷட்டர் பாதி ஏறும்போதே அம்மா உள்ளே நுழைந்துவிட்டாள்.

நான் கேட்ட மெமரியை எடுத்துக் கொடுத்தார். விரல் நீளப் பச்சைப் பலகை, அதில் வரிசையாகக் கறுப்புச் சில்லுகள். அம்மா வாங்கி இப்படியும் அப்படியும் திருப்பினாள். வாசல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோய்ப் பார்த்தாள். முகர்ந்து பார்த்துவிடுவாளோ என்று நான் பயந்தேன்.

"இது எப்ப வந்தது தம்பி? நேத்தா, இன்னிக்கா?"

"அம்மா, இது மீன் இல்ல. கெட்டுப்போவாது."

"கெட்டுப்போவாதுன்னா பழசத் தள்ளி வுடலாம்னு பாக்குறியா?"

அவர் ஒரு விலை சொன்னார். அம்மா அதில் பாதி சொன்னாள். அவர் சிரித்தார். அம்மா சிரிக்கவில்லை, என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வெளியே நடந்தாள். நாலு அடி போனதும், "போணி நேரத்துல இப்டிப் பண்றீங்களேம்மா" என்று பின்னாலிருந்து குரல் வந்தது. அம்மா என் கையை ஒரு அழுத்து அழுத்திவிட்டுத் திரும்பினாள். இப்படியே மூன்று தடவை வெளியே போய் உள்ளே வந்தோம். கடைசியில் அவர் சொன்ன விலைக்குக் கொஞ்சம் கீழே முடிந்தது. அந்த மனிதருக்கு அதற்குள் வியர்த்துவிட்டது, எனக்கு மானம் போய்விட்டது.

காசை எண்ணி வாங்கிக் கல்லாவில் போட்டுவிட்டு, "சரிம்மா" என்றார் அவர்.

அம்மா நகரவில்லை. "கொசுறு?"

"என்னது?"

"கத்திரிக்கா வாங்கினா கருவேப்பில குடுக்குறான். மீனு வாங்கினா ரெண்டு நெத்திலி போடுறான். இத்தினி காசு வாங்கிகினு வெறுங்கையா அனுப்புற? இவளோட பொட்டிக்கு வாய் இல்லயாம். அந்தப் பேசற கார்டு ஒண்ணு போட்டுக் குடு. என் புள்ள வெளிநாட்டுல கீறான். பேசி நாளாச்சு."

அடிப்பாவி, இதற்காகத்தான் விடியற்காலையிலிருந்து வந்து உட்கார்ந்திருக்கிறாள் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. கடைக்காரர் என்னைப் பார்த்தார். நான் விட்டத்தைப் பார்த்தேன். அம்மா கல்லாப் பெட்டிமேல் கை ஊன்றி நின்றாள். அடுத்த வாடிக்கையாளர் வந்து பின்னால் காத்திருந்தார். கடைசியில் கடைக்காரர் குனிந்து, கழற்றிப்போட்ட பழைய சாமான்கள் இருந்த அட்டைப்பெட்டியைக் கிளறி, தூசி படிந்த ஒரு சவுண்டு கார்டை எடுத்து ஊதினார். "வேலை செஞ்சா உங்க அதிர்ஷ்டம். திருப்பி எடுத்துகினு வராதீங்க." கூடவே, ஒரு பக்கம் பஞ்சு பிய்ந்த, மைக் வைத்த ஹெட்போன் ஒன்றையும் வைத்தார். அவருக்கும் வெளிநாட்டில் யாராவது இருந்தார்களோ என்னவோ. "ராசியான கைப்பா என்னுது, இன்னிக்கி பாரு, உன் கட அள்ளிகினு போவும்" என்று வாழ்த்திவிட்டு அம்மா இறங்கினாள்.

வீட்டுக்கு வந்ததும் அம்மா இரண்டையும் வாங்கிச் சாமி படத்தின் முன் வைத்துவிட்டாள். புது வண்டி, புது மிக்ஸி, எது வந்தாலும் அவளுக்கு அப்படித்தான். மறுநாள் நான் எடுக்கப் போனபோது மெமரி உறையின்மேல் சந்தனப் பொட்டும் குங்குமமும் இருந்தன. சவுண்டு கார்டின் நெற்றியிலும் பொட்டு. துடைத்தால் சண்டை வரும் என்று அப்படியே மாட்டினேன்.

மெமரி போட்டதும் தொர நிஜமாகவே சீக்கிரம் எழுந்தது. அம்மா உலை வைக்கப் போனவள் பாதியில் திரும்பி வந்து பார்த்துவிட்டுப் போனாள். ஆனால் சத்தம்? மூச்சே இல்லை. கார்டு ஒன்று உள்ளே இருப்பதாகவே கம்ப்யூட்டர் ஒப்புக்கொள்ளவில்லை. கழற்றி வேறு துளையில் மாட்டினேன், அப்பாவின் டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு உள்ளே பார்த்தேன், கழற்றிய ஸ்க்ரூ தொலைந்துபோய் டிரான்சிஸ்டர் ரேடியோவிலிருந்து ஒன்றைப் பிடுங்கிப் போட்டேன். ஒன்றும் நடக்கவில்லை. அம்மா தொரையின் உறையை மடித்துக் கையில் வைத்தபடி பக்கத்தில் நின்றாள். மறுநாள் வெள்ளிக்கிழமை. இந்த வாரம் போன் கார்டு போட வேண்டாம், கம்ப்யூட்டர் சென்டரில் போய் உட்கார் என்று அண்ணனுக்கு நான் ஏற்கெனவே மெயில் அனுப்பியிருந்தேன்.

"ஓசில வந்தது, இன்னா பண்ண முடியும், வுடு" என்று சொல்லிவிட்டு அம்மா நகர்ந்தாள். அவள் குரல் இறங்கியிருந்தது எனக்குத் தாங்கவில்லை.

கடைசியாக ஒரு தடவை சவுண்டு கார்டைக் கழற்றிப் பின்பக்கம் திருப்பினேன். துளையில் போய் உட்காரும் தங்கநிறப் பற்களின்மேல், வரிசையாக மூன்று இடத்தில், நன்றாகக் காய்ந்து இறுகிய சந்தனம்.

"இன்னாம்மா இது?"

"முன்னாடி மட்டும் வெச்சா எப்டி? பின்னாடியும் வெச்சேன்."

சிரிப்பதா, தலையில் அடித்துக்கொள்வதா? அழிரப்பரை எடுத்து ஒவ்வொரு பல்லாகத் தேய்த்தேன். முன்பக்கப் பொட்டைத் தொடவில்லை. மாட்டி, சுவிட்சைப் போட்டேன். ஹெட்போனுக்குள்ளிருந்து மெல்லிசாக, ஆனால் நிச்சயமாக, வரவேற்பு இசை வந்தது. "தொர வாயத் தொறந்துட்டான்!" என்று அம்மா தெருவுக்கே கேட்கிற மாதிரி கத்தினாள்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் அம்மா குளித்து, நல்ல புடவை கட்டி, பூ வைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தாள். "உன்ன பாக்க முடியாதும்மா, கேக்கத்தான் முடியும்" என்றேன். "தெரியும், போ" என்றாள். பூவின்மேல் ஹெட்போனை மாட்டி, ஒரு பக்கத்தைத் திருப்பி என் காதில் வைத்துக்கொண்டேன். மோடம் கீச்சிட்டு அடங்கியது.

"அம்மா." அண்ணன் குரல்தான். ஒரே ஒரு தடவை.

"நைனா! நல்லா கீறியாடா?"

கொஞ்சம் பொறுத்து, பானைக்குள்ளிருந்து வருவது போல், கரகரவென்று பதில் வந்தது. "நல்லா கீறியாடா?"

"எனக்கு இன்னா, நல்லாத்தான் கீறேன். சாப்ட்டியா?"

"...சாப்ட்டியா?"

"நான் சாப்ட்டேன்டா, இப்பதான். வாள மீனு கொழம்பு."

எனக்குப் புரிந்துவிட்டது. அங்கே அண்ணன் ஸ்பீக்கரில் கேட்கிறான். அம்மாவின் குரல் அதிலிருந்து கிளம்பி, அவன் மைக்கில் நுழைந்து, அம்மாவிடமே திரும்பி வருகிறது. ஹெட்போன் போடு, ஏன் பேசவில்லை என்று அவனுக்கு டைப் அடித்தேன். திரையில் இங்கிலீஷ் எழுத்தில் தமிழ் வந்தது. 'பேச முடியல. அழுகை வருது. சுத்தி ஆளுங்க கீறாங்க. அம்மாவ நிறுத்தாத. பேசட்டும்.'

"இன்னாடி எழுதறான்?" அம்மாவுக்கு இங்கிலீஷ் எழுத்து தெரியாது.

"நல்லா கேக்குதாம்மா."

அம்மா காலை மடக்கி நாற்காலிமேல் சம்மணம் போட்டுக்கொண்டாள். மழையில் ஒழுகுகிற இடம், எதிர்வீட்டுக் கல்யாணம், அப்பா துறைமுக வாசலில் லாரியோடு வரிசையில் காத்துக் கிடப்பது, எனக்கு வந்த வரன், ரிச்சி தெருவில் அவள் அடித்த பேரம், எல்லாம் சொன்னாள். திரும்பி வந்த ஒவ்வொரு கேள்விக்கும் நிதானமாகப் பதில் சொன்னாள். நடுவில் ஒரு தடவை சட்டென்று நிறுத்தி, "எங்கடி அந்தப் பொம்பள, இன்னும் வரல?" என்று கேட்டாள். இதில் வர மாட்டாள் என்றேன். அதற்கப்புறம் குரலே மாறிவிட்டது, பக்கத்தில் உட்கார்ந்திருப்பவனிடம் பேசுவது போல் பேசினாள். எனக்கு மூக்கு அடைத்துக்கொண்டது. கரித்தூள்மேல் பழி போட்டேன்.

முடிந்ததும் பூ கலையாமல் ஹெட்போனைக் கழற்றினாள். முகம் பளிச்சென்று இருந்தது.

"போன்ல ரெண்டு வார்த்த பேசுறதுக்குள்ள கட்டாயிடும். இன்னிக்கித்தான்டி மனசு வுட்டு பேசினான்" என்றாள். பிறகு ஏதோ நினைத்துக்கொண்டவளாக, "ஒண்ணு கவனிச்சியா? வர வர அவன் கொரலு அப்டியே என் கொரலு மாரி ஆயிகினு வருது" என்றாள்.

"ஆமாம்மா, அப்படியேதான் இருந்தது" என்றேன்.