ஜீப்புப் படியும் என் தொடையும்

போன திங்கட்கிழமை காலை போடி ஜீப் ஸ்டாண்டில், டிரைவர் பாண்டியின் ஜீப் முன்னால் ஐந்து நிமிடம் நின்றேன். ஏறிப் பார்ப்பதா, வீட்டுக்கே திரும்பிவிடுவதா?

சிரிக்காதீர்கள். போடிமெட்டுக்கு மேலே, ஜீப் மட்டுமே ஏறும் பாதையில் இருக்கும் என் ஏலக்காய்த் தோட்டத்தைப் பார்த்து எட்டு மாதமாகிறது. இந்தப் படியில் கால் ஏறினால்தான் தோட்டம். இல்லையென்றால் விற்றுத் தொலைக்க வேண்டியதுதான்.

எட்டு மாதத்துக்கு முன் இதே படியில் கால் வைத்தேன்... உடம்பு மேலே போகவில்லை. வலி கிடையாது. தொடை சொன்ன பேச்சைக் கேட்கவில்லை, அவ்வளவுதான். புத்தியுள்ளவன் டாக்டரிடம் போயிருப்பான். நான் பாண்டியின் சட்டையைப் பிடித்தேன். லோடு ஏற்றுவதற்காகப் பெரிய டயர் மாட்டிப் படியை உயர்த்திவிட்டான் என்று ஸ்டாண்டே கேட்கக் கத்தினேன்.

"ஆத்தா சத்தியமா அதே டயருதாண்ணே" என்றான்.

நம்புவேனா? அடுத்த ஜீப்புக்குப் போனேன். அதிலும் படி உயரம். ஸ்டாண்டில் உள்ள அத்தனை பேரும் கூட்டு என்று முடிவு கட்டினேன்!

பிறகு தலை சீவக் கை எழும்பவில்லை. சட்டை தைத்த டெய்லரைத் திட்டினேன். ஒருநாள் சாப்பிட்டுவிட்டுத் தரையிலிருந்து எழ முடியவில்லை. திட்டுவதற்குத் தரைதான் மிச்சம். என் மனைவி மதுரைக்கு இழுத்துப் போனாள்.

அங்கே டாக்டர் என் தொடையில் துளி சதையை வெட்டிச் சோதித்தார். தசை அழற்சியாம். உடம்புக்குக் காவல் இருக்க வேண்டிய அணுக்களே என் தசையை எதிரி என்று நினைத்து அடிக்கின்றனவாம்.

எனக்கு ஆத்திரம். "என் தசை என்ன சார் தப்பு பண்ணுச்சு?"

"அதான் தெரியல. சும்மா அடி வாங்குதா, இல்ல தசை அணுக்களும் ஏதாச்சும் செஞ்சு சண்டைய இழுத்து விடுதான்னு எனக்கே சந்தேகம்" என்றார் அவர்.

"இவரு தசைதானே டாக்டர்" என்றாள் மனைவி. "அதுதான் இழுத்து விட்டிருக்கும்."

டாக்டர் சிரித்தார். எனக்கு எழுந்து வெளியே போகத் தோன்றியது. எழத்தான் முடியாதே.

மாதக்கணக்கில் ஸ்டீராய்டு மாத்திரை. முகம் பூரியாக உப்பியது. கால் மெல்ல வழிக்கு வந்தது.

திங்கட்கிழமைக்கு வருவோம். கம்பியைப் பிடித்தேன். காலை வைத்தேன். தொடை நடுங்கியது... ஏறிவிட்டேன்.

பாண்டி ரோட்டைப் பார்த்தபடியே சொன்னான்: "படிய எறக்கி வச்சிட்டேண்ணே."

அதே டயர். அதே படி. அவனுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

"இத அன்னைக்கே செஞ்சிருக்கலாம்ல?" என்றேன்.

தசை தேறிவிட்டது. வாய்க்குத்தான் மாத்திரை இல்லை.