ரப்பர் குழாயும் எங்கள் கட்டைவிரலும்

நேற்று கிருஷ்ணகிரி போகும் வழியில் வண்டி பஞ்சர். கடைக்காரர் ஒட்டுப்போட்டுச் சூடேற்றியதும் ரப்பரும் கந்தகமுமாக ஒரு நெடி கிளம்பியது. உங்களுக்கென்றால் குமட்டியிருக்கும், எனக்குப் பசித்தது. சிரிக்காதீர்கள். எண்பதுகளில் ஓசூரில் நான் வேலைக்குச் சேர்ந்தது லாரிகளுக்கு அதிர்வு தாங்கும் ரப்பர் புஷ் செய்யும் கம்பெனியில். சோப்பு, சீயக்காய், எலுமிச்சை எதற்கும் கையைவிட்டுப் போகாத நெடி அது. மூன்று வேளையும் அதோடுதான் சோறு. கொஞ்ச நாளில் அப்படியொன்று இருப்பதே மறந்துபோகும்.

எனக்கு இன்ஸ்பெக்‌ஷன் பிரிவு. கையில் வெர்னியர் அளவுகோல் இருந்துவிட்டால் உலகத்தையே பாஸ், ரிஜெக்ட் என்று பிரித்துவிடலாம் என்ற திமிர். அதை நம்பித்தானோ என்னவோ, பிரஸ் மிஷின் ஓட்டிய பஷீர் ஒருநாள் சாப்பாட்டு நேரத்தில் ஒரு பெட்டியோடு என்னிடம் வந்தார். உள்ளே அவருடைய அப்பாவின், அவர் வாயில் அத்தாவின், கிளாரினெட்.

அத்தா ராயக்கோட்டைப் பக்கம் கல்யாண பேண்டு செட்டில் வாசித்தவர். இளவயதில் ஒரு ஜோடி வண்டிமாட்டைக் கொடுத்து, பெங்களூர் ஆளிடம் இதை வாங்கினாராம். கருங்காலி மரம் என்று சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தார். பஷீரின் அம்மாவோ, "மாட்டக் குடுத்துட்டு ரப்பர் குழா வாங்கியாந்த மனுசன்" என்று ஊர் கேட்கச் சொல்லிக்காட்டுவார்.

"விக்கறதுக்கில்ல சார். எங்கத்தா ஏமாந்துட்டாரா இல்லியான்னு தெரியணும், அவ்ளோதான்."

வாத்தியம் பழுதுபார்ப்பவர் ஒருவர் அவருக்கு அடையாளம் சொல்லியிருந்தார். மரமென்றால் நல்ல விலை போகும், துளைக்குள் ரேகை ஓடும். எபோனைட் என்கிற கெட்டி ரப்பரென்றால் மலிவு, வெயில் பட்ட இடம் பழுப்படிக்கும், விரலால் சூடேறத் தேய்த்து முகர்ந்தால் கந்தகம் நாறும்.

டார்ச் அடித்துப் பார்த்தேன். எண்ணெயும் அழுக்கும் ஏறி உள்ளே கன்னங்கரேலென்று இருந்தது. ரேகையும் இல்லை, பழுப்பும் இல்லை. மிச்சமிருந்தது மூக்குதான். தேய்த்தேன், முகர்ந்தேன். சந்தேகமே இல்லை, கந்தகம்! கன்னடக்கார ஃபோர்மேனிடம் நீட்டினேன். அவரும் தேய்த்துவிட்டு, "ஹௌது, ரப்பரே" என்று ஆமோதித்தார். கேன்டீனில் இருந்த அத்தனை பேரும் தேய்த்தார்கள், அத்தனை பேரும் தலையாட்டினார்கள். பஷீர் பெட்டியை மூடினார். அந்த முகத்தைப் பார்க்க எனக்குப் பாவமாக இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை ஆறுதல் சொல்லலாமென்று ராயக்கோட்டையில் பஷீர் வீட்டுக்குப் போனேன். அம்மா கொத்தமல்லி ஆய்ந்துகொண்டிருந்தார். நாங்கள் சொன்னதைக் கேட்டுவிட்டுக் கிளாரினெட்டை எடுத்து, கட்டைவிரலால் பரபரவென்று தேய்த்து என் மூக்கருகே நீட்டினார். கடலை எண்ணெயும் கொத்தமல்லியும்தான் மணத்தன.

"நாறுறது உங்க கையி தம்பி! வருசா வருசம் மழைக்கு முன்னாடி நாந்தான் இதுக்கு எண்ணெ வுடறேன். ரப்பருக்கு எவளாச்சும் எண்ணெ வெப்பாளா?"

எனக்குக் கையை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை.

பஷீருக்குக் கோபம் வந்துவிட்டது. "தெரிஞ்சேதான் ஆயுசுக்கும் அத்தாவ ரப்பரு ரப்பருன்னு வைஞ்சியாம்மா?"

"ஊர்க் கல்யாணத்துக்கெல்லாம் வாசிச்சுட்டு வூட்டுக்கு வந்தா சுருண்டு படுத்துக்குவாரு. ரப்பருன்னு சொன்னாத்தான் ரோசம் வரும். 'இதக் கேட்டுட்டு சொல்லுடி ரப்பரா மரமான்னு', எதுர்ல உக்காந்து எனக்குன்னு வாசிப்பாரு." அம்மா சிரித்துக்கொண்டேதான் சொன்னார். பிறகு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

அந்தக் கம்பெனி இப்போது இல்லை, அடுக்குமாடி வந்துவிட்டது. கல்யாணங்களில் பேண்டு செட்டும் இல்லை. என் கையில் அந்த நெடியும் இல்லை. அம்மா போய் வெகுகாலமாகிறது. பஷீருக்கு வாசிக்க வராது. ஆனாலும் மழைக்கு முன்னால் தவறாமல் எண்ணெய் விடுகிறார். அதை ரப்பரென்று சொல்லத்தான் அந்த வீட்டில் ஆளில்லை.