திட்டாத மேலதிகாரியும் நானும்

ஆக்லாந்தின் பென்ரோஸ் பகுதியில், குழாய்ச் சாமான்கள் விற்கும் கம்பெனியின் கிடங்கில் ஸ்டாக் கணக்குப் பார்க்கிறேன். மாலை நாலரைக்கு வேலை முடியும். மற்றவர்கள் "சீ யா" என்று கிளம்பிவிடுவார்கள். வேலைக்குச் சேர்ந்த புதிதில் நானும் என் மேலதிகாரி க்ரெய்க்கும் மட்டும் உட்கார்ந்திருப்போம். அவர் தன் கணினியைப் பார்ப்பார், நான் என்னுடையதைப் பார்ப்பேன். இடையிடையே ஒருவரையொருவர் பார்த்துப் புன்னகைத்துக்கொள்வோம். ஐந்தரையும் தாண்டிவிடும். அவர் எழுந்தால் நானும் எழலாமே என்று காத்திருப்பேன். இந்த மனிதருக்கு வீடு வாசலே கிடையாதா என்று மனதுக்குள் வைதுகொண்டும் இருப்பேன்.

அம்பத்தூரில் நான் வேலை பார்த்த இடத்தில் இதற்கு எழுதாத சட்டம் ஒன்று உண்டு. எங்கள் மேலாளர் வெங்கடேசன் சாரின் கார் கேட்டைத் தாண்டிய பிறகுதான் நாங்கள் பையைத் தொடலாம். அதுவரை செய்ய வேலை இருக்கிறதா என்பது வேறு விஷயம். காலையில் உள்ளே நுழையும்போதே செக்யூரிட்டியிடம் சார் மூஞ்சி எப்படி என்று விசாரிப்போம். அன்றைய சந்தோஷம் அந்தப் பதிலில்தான் இருந்தது. திட்டு விழாத நாள் நல்ல நாள். என் ரிப்போர்ட்டைப் புரட்டிவிட்டு அவர் 'ம்' என்றால், அன்று மனைவிக்குப் பூ வாங்கிக்கொண்டு போவேன். அடிக்கிற கைதான் அணைக்கும் என்பார்கள். அவர் கை அணைத்ததாக யாரும் சொன்னதில்லை, அடிக்காமல் விட்டதையே அணைத்ததாக எடுத்துக்கொண்டோம். ஆனாலும் திட்டில் ஒரு வசதி உண்டு, நாம் நிற்குமிடம் நமக்குத் தெரிந்துவிடும். க்ரெய்க்கோ எதைக் காட்டினாலும் "நாட் பேட்" என்பார். அது பாராட்டா, எச்சரிக்கையா என்று இரவெல்லாம் யோசிப்பேன்.

யோசிக்காமல் என்ன செய்வது? நான் அப்போது புரொபேஷனில் இருந்தேன். என் விசா இந்தக் கம்பெனியோடு கட்டிப்போட்டது. வேலை போனால் தகனினியில் வாடகைக்கு எடுத்த வீடு, மகனின் பள்ளிக்கூடம் எல்லாவற்றையும் மூட்டை கட்ட வேண்டும். இந்த நிலையில் ஒருநாள் க்ரெய்க் என்னைத் தனியே கூப்பிட்டு, வீட்டில் எல்லாம் சரிதானே என்று கேட்டார். விசுவாசத்தைக் காட்ட இதைவிட நல்ல சந்தர்ப்பம் வாய்க்காது என்று நினைத்தேன். வீட்டைப் பற்றி எனக்குக் கவலையே இல்லை, நீங்கள் சொன்னால் எட்டு மணி வரைகூட இருப்பேன் என்றேன். அவர் முகம் வாடிப்போனது. மறுநாள் என் வேலையில் பாதியை எடுத்து இன்னொருவரிடம் கொடுத்தார். மனம் விட்டுப் பேச விரும்பினால் கம்பெனி செலவிலேயே ஆலோசகர் இருக்கிறார் என்று ஒரு போன் நம்பரையும் கொடுத்தார்.

அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய். அம்பத்தூரில் ஒருவனிடமிருந்து வேலையை எடுத்தால், அடுத்து ஆளையே எடுக்கப்போகிறார்கள் என்று அர்த்தம். வீட்டுக்கு வந்து மனைவி சுதாவிடம் சொன்னேன்.

"நாளைக்கு நேரா போய்க் கேளுங்க. இல்லேன்னா கால்ல விழுங்க. ஏதாவது ஒண்ணு செய்யுங்க," என்றாள். "புள்ளைக்கு இப்பதான் ஸ்கூல்ல ரெண்டு ஃப்ரெண்ட்ஸ் கெடைச்சிருக்காங்க."

கேட்கத் துணிவில்லை. விழலாம் என்றால் இங்கே மேலதிகாரியே அரைக்கால் சட்டை போட்டுக்கொண்டு வருகிறார், எந்த மரியாதையோடு விழுவது? கடைசியில் கணக்குப் பிரிவில் இருக்கும் லெட்சுமி அக்காவிடம் புலம்பினேன். மலேசியாவின் ஈப்போவிலிருந்து வந்து பல காலமாக இங்கே இருப்பவர். கேட்டுவிட்டுத் தலையில் கை வைத்துக்கொண்டார்.

"அவரு எங்க தம்பி ஒங்கள வேலையவிட்டு எடுக்கிறாரு? நீங்க எப்போ வீட்டுக்குப் போவீங்கன்னுதான் பாத்துட்டு இருக்காரு. புது ஆளுக்கு அலாரம் கோடு குடுக்க மாட்டாங்க லா. நீங்க போனாதான் அவரு பூட்ட முடியும். வேலை ஜாஸ்தி, வீட்லயும் பிரச்சினைன்னு நெனச்சுதான் வேலையக் கொறைச்சாரு. மகளோட நெட்பால் மேட்சுக்குக்கூட போகாம உக்காந்திருக்காரு."

எனக்கு வெட்கமாக இருந்தது. மகளின் விளையாட்டைக்கூட விட்டுவிட்டு ஒரு மனிதர் உட்கார்ந்திருந்தார், கிளம்பு என்ற ஒரு சொல்லைச் சொல்லாமல். சொன்னால் நான் வருந்துவேனாம். வெங்கடேசன் சார் என்றால் என்னை உள்ளே வைத்துப் பூட்டிவிட்டே போயிருப்பார்.

அன்று நாலரைக்குப் பையை எடுத்துக்கொண்டு முதல் ஆளாக எழுந்தேன். க்ரெய்க் முகத்தில் அப்படியொரு வெளிச்சம். "குட் ஆன் யூ," என்றார். வேலையை விட்டுச் சீக்கிரம் கிளம்பியதற்காக நான் வாங்கிய முதல் பாராட்டு அது. சில வாரங்கள் கழித்து, போட்டோகாப்பி மெஷினில் சிக்கிய தாளை உருவிக்கொண்டே, உன் புரொபேஷன் முடிந்தது, நீ இங்கேதான் இருக்கப்போகிறாய் என்று சொல்லிவிட்டு மறுபடி தாளை உருவப் போய்விட்டார். கழிப்பறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன்.

செய்தியை அம்பத்தூர் நண்பர்களுக்கு அனுப்பினேன். மறுநாள் மூன்றரை மணிக்கு, அங்கே காலை டீ நேரம், கம்பெனி வாசல் டீக்கடையிலிருந்து வீடியோவில் கூப்பிட்டார்கள். வாழ்த்தெல்லாம் ஒரு நிமிடத்தில் முடிந்தது. பிறகு வழக்கம்போல வெங்கடேசன் சாரைக் காய்ச்சத் தொடங்கினார்கள். கேட்கக் கேட்க ஏக்கமாக இருந்தது. அந்த மனிதர் போட்ட கூச்சலில்தான் நாங்கள் நண்பர்கள் ஆனோம். இங்கே எல்லோரும் நல்லவர்கள், ஆளுக்கொரு காரில் ஏறி நாலரைக்கே மறைந்துவிடுகிறார்கள்.

"ஒன் ஆளு எப்படிடா?" என்றான் பாஸ்கர். நாலைந்து முகங்கள் திரைக்குள் நெருங்கி வந்தன.

நல்லவர் என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் அந்த முகங்கள் விலகிவிடும் என்று தோன்றியது. "ராட்சசன்டா," என்றேன். "உயிர எடுக்கிறான்." டீக்கடையே சிரித்தது. நானும் அந்த பெஞ்சில் ஓர் ஓரமாக உட்கார்ந்துவிட்டேன்.

அப்போது என் மேசைத் தொலைபேசி அடித்தது. க்ரெய்க் எழுந்து வந்து, நீ பேசு என்று சைகை காட்டிவிட்டு, எனக்குப் பதிலாக அதை எடுத்து வாடிக்கையாளரிடம் பேச ஆரம்பித்தார். பேசிக்கொண்டே திரையைப் பார்த்துக் கையாட்டினார்.

"யாருடா அந்த வெள்ளக்காரன்?" என்றான் பாஸ்கர்.

"கூட வேல பாக்கிறவர்டா," என்றேன்.