கோடை முகாமில் லிஃப்ட் மெக்கானிக்

என் வீட்டுக்காரர் லிஃப்ட் மெக்கானிக். லிஃப்ட் பாதி மாடியில் நின்று உள்ளே இருப்பவர்கள் அலறும்போது, கதவிடுக்கில் வாயை வைத்து, "ஒண்ணும் ஆகாது, நான் இருக்கேன்" என்று தைரியம் சொல்லி ஒவ்வொருவராக வெளியே எடுப்பவர். அப்பேர்ப்பட்ட மனுஷன், மகள் உதட்டைப் பிதுக்கிவிட்டால் போதும், வெலவெலத்துப்போவார்.

நாங்கள் செல்லமாகச் சுண்டெலி என்று கூப்பிடும் மகளுக்கு ஐந்து வயது. லீவு முடிந்ததும்தான் பள்ளிக்கூடம். அவள் பிறந்தபோது நான் விட்ட மருந்துக் கடை வேலை இப்போதுதான் திரும்பக் கிடைத்திருந்தது. அதை இன்னொரு தடவை கைநழுவ விட எனக்கு மனசே இல்லை. பகலில் அவளைப் பார்த்துக்கொள்ள ஆளில்லாததால், பக்கத்துத் தெருவில் நடக்கும் கோடை முகாமில் சேர்த்தோம். காலையில் விட்டால் சாயங்காலம் கூட்டி வரலாம்.

முதல் நாள் இவர்தான் கொண்டுபோய் விட்டார். வாசலில் அவள் வீறிட்டு அழுதாளாம். அப்படியே பைக்கில் திருப்பி உட்காரவைத்து, தன் வேலைக்கே கூட்டிக்கொண்டு போய்விட்டார். சாயங்காலம் அப்பாவும் மகளும் உடம்பெல்லாம் கிரீஸோடு வந்து நின்றார்கள். மறுநாளும் அதே கூத்து.

"பாவம்மா, சின்னப் புள்ள. நீ கொஞ்ச நாள் லீவு போடேன்" என்றார்.

எனக்குச் சுர்ரென்று ஏறியது. "இப்பதான் சேந்திருக்கேன். லீவு கேட்டா, வீட்லயே இருந்துக்கம்மான்னு அனுப்பிடுவாரு முதலாளி. நாளைக்கு நான் விடுறேன். நீங்க அந்தப் பக்கம் எட்டிக்கூடப் பாக்கக் கூடாது!"

மறுநாள் நான் விட்டேன். டாட்டா காட்டிவிட்டு, திரும்பிப் பார்க்காமல் விறுவிறுவென்று நடந்தேன். ஆனால் கடையில் மனசு ஒரு நிலையில் இல்லை. இருமல் மருந்து கேட்டவருக்குத் தலைவலித் தைலத்தை எடுத்து நீட்டினேன்.

மத்தியானம் இவர் தலையெல்லாம் ஒட்டடையோடு கடை வாசலில் வந்து நின்றார்.

"போனீங்களா?"

போயிருக்கிறார். ஃபேன்களைச் சரிபார்க்க வந்ததாக முகாம் டீச்சரிடம் புளுகியிருக்கிறார். அந்தம்மா, நல்லதாகப் போயிற்று என்று, கடகடவென்று சத்தம் போட்ட ஒரு ஃபேனைக் காட்டி ஏணியையும் கொடுத்துவிட்டார். வசமாக மாட்டிக்கொண்டு மேலே ஏறினால், கீழே பிள்ளைகளுக்கு நடுவில் நம்ம சுண்டெலி, காகிதக் காது ஒட்டிய முயலாக உட்கார்ந்திருக்கிறாள். அப்பாவைப் பார்த்ததும் எழுந்து ஓடி வந்தாளாம். கட்டிக்கொண்டு அழப்போகிறாள் என்று இவர் அவசரமாக இறங்கிக் கையை நீட்டியிருக்கிறார்.

அவள் கைக்கு எட்டாமல் நின்றுகொண்டு கிசுகிசுத்தாளாம்: "அப்பா, நீ போ. நாளைக்கும் அம்மாவே விடட்டும். நீ விட்டா உன் மூஞ்சி அழுற மாதிரி ஆயிடுது. அதப் பாத்துதான் எனக்கும் அழுகை வருது."

இதை என்னிடம் சொல்லி முடிப்பதற்குள் இவருக்குக் கண் கலங்கிவிட்டது. திட்ட வேண்டும் என்றுதான் வாயைத் திறந்தேன், ஆனால் வேலை பிழைத்த சந்தோஷமும் இந்த மனுஷன்மேல் வந்த பிரியமும் ஒன்றாகச் சேர்ந்துகொள்ள, அவர் தலையிலிருந்த ஒட்டடையைத் தட்டிவிட்டேன். மருந்து வாங்க வந்தவர்கள் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்கள்.

"சரி, காலைல நீயே விடு" என்றார் மூக்கை உறிஞ்சிக்கொண்டு. "சாயங்காலம் நான் போய்க் கூட்டிட்டு வரேன். அப்ப நான் அழுதா தப்பில்லதானே?"