கடல் தண்ணீருக்குக் கொஞ்சம் ஐஸ்

கண்ணுங்களா, அப்பா ஒரகடத்தில் மாட்டிக்கொண்டு நிற்கிறேன். முன்னால் கண்டெய்னர் லாரிகள் நகரவே இல்லை. என் வேனில் இருப்பது கோவளத்துக் கடல் தண்ணீர், புட்டி புட்டியாக. ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஒரு ஆய்வுக்கூடத்துக்குக் கொண்டுபோகிறேன். நாம் காற்றில் விடும் கரியமில வாயுவில் கரையோரக் கடல் எவ்வளவு உறிஞ்சிக்கொள்கிறது என்று அதில் பார்ப்பார்களாம். புட்டி சூடேறினால் கணக்கு தப்பாகிவிடும். பெட்டியில் ஐஸ் கரைந்துகொண்டே போகிறது.

வண்டியை ஓரங்கட்டி, கரும்பு ஜூஸ் விற்கும் அம்மாவிடம் ஐஸ் கேட்கிறேன்.

"கம்பெனில ஷிப்ட் வுடற நேரம்ணா. ஐஸ் இல்லாத ஜூஸை எவன் குடிப்பான்? பொட்டில இன்னா, மீனா கீது?"

"கடல் தண்ணிம்மா." விஷயத்தைச் சொல்கிறேன். அவர் சிரிக்கிறார்.

"இங்க வுடற புகைக்கு அங்க கடல் ஓ.டி. பாக்குதா? லீவே இல்லாமயா?"

"ஆமாம்மா. அது எவ்ளோ தாங்குதுன்னு தெரியணும்ல? இதக் கெடாம கொண்டுபோய்ச் சேக்காம விடமாட்டேன்."

ஐஸ் கட்டியைச் சாக்கில் சுற்றி உடைத்து, பாதியை என் பெட்டியில் கொட்டுகிறார். பிறகு வேனைப் பார்க்கிறார்.

"இவ்ளோ சொல்றியே, வண்டிய ஏன்ணா சும்மா ஓடவுட்டுக்கினு கீறே?"

ஏசிக்காகத்தான் ஓடவிட்டிருந்தேன்.

ஷிப்ட் கூட்டம் வருகிறது. அவர் மிஷினுக்குத் திரும்பிவிடுகிறார். லாரிகள் அப்படியேதான் நிற்கின்றன. நான் தனியாக வேனில் ஏறி, இன்ஜினை அணைத்து, கண்ணாடியை இறக்கிவிடுகிறேன்.