ஏழு ஊர்த் தண்ணீர்

என் மனைவியை நான் புகழ்கிறேன் என்றால் எங்கள் பிள்ளைகளே நம்ப மாட்டார்கள். அவளோடு மல்லுக்கு நின்றே பாதி ஆயுள் போய்விட்டது. ஆனாலும் இதை எழுதித்தான் ஆக வேண்டும்.

அவளுக்குக் கடலூரில் ஒரு தண்ணீர்ப் பரிசோதனைக் கூடத்தில் ஒப்பந்த வேலை. மாதம் ஒருமுறை கிள்ளைப் பக்கம் ஏழு ஊர்களுக்குப் போய், குடிநீர்த் தொட்டியிலிருந்து ஊருக்கு ஒரு பாட்டில் தண்ணீர் பிடித்து, பெயர் ஒட்டிக் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். தொட்டிக்கு மோட்டார் போடுகிறவர்களிடம் வந்துபோனதற்குச் சீட்டில் கையெழுத்தும் வாங்க வேண்டும்.

ஒரு மழை மாதத்தில் அவளுக்குக் காய்ச்சல். “ஒரு மாசந்தானே” என்று சிதம்பரத்தில் எங்கள் வீட்டுக் குழாயிலேயே ஏழு பாட்டிலையும் நான் பிடித்துக் கொடுத்தேன். அவள் படுத்தபடியே ஊர்ப் பெயர்களை எழுதி ஒட்டினாள். காய்ச்சல் விட்டது, பழக்கம் விடவில்லை. அடுத்த மாதங்களில் மோட்டார் போடுகிறவர்களைக் கிள்ளை பஸ் நிறுத்தத்துக்கே வரவழைத்து, விட்டுப்போன மாதத்துக்கும் சேர்த்துக் கையெழுத்துகளை வாங்கிக்கொண்டாள். எங்கள் தெருத் தண்ணீர் ஏழு ஊருக்கும் நல்ல பெயர் வாங்கித் தந்தது. நானோ சாயங்காலம் டீக்கடையில் உட்கார்ந்து, நாடு குட்டிச்சுவராகிவிட்டதென்று வாய் கிழியப் பேசிக்கொண்டிருந்தேன்.

ஒரு வருஷம் கழித்து, புதிதாக வேலைக்குச் சேர்ந்த ஒரு பெண் போன் செய்தாள்.

“அக்கா, எனக்குப் பரங்கிப்பேட்டப் பக்கம் குடுத்திருக்காங்க. உங்களப் பாத்து எல்லாரும் வூட்டுக் கொழாயிலதான் புடிக்கிறாங்களாம். உங்களக் கேட்டா வெவரமா சொல்லுவீங்கன்னாங்க.”

அந்தக் குரலில் கூச்சமே இல்லை. விடுமுறைக்கு விண்ணப்பம் எழுதுவது எப்படி என்று கேட்பது போலக் கேட்டாள். எங்கள் சமையலறையில் தொடங்கிய திருட்டு அந்தக் கூடத்தின் வேலை முறையாகவே ஆகிவிட்டிருந்தது. என் மனைவி பாதியிலேயே போனை வைத்தாள்.

ஈஸ்டருக்கு முந்தைய லெந்து எனும் தவக்கால நாட்கள் அவை. ஞாயிறுதோறும் சர்ச்சில் சபையார் எல்லோரும் ஒரே குரலில் பாவ அறிக்கை சொல்லுவோம். அந்த வாரம் அவள் வாய் திறக்கவில்லை. வீட்டுக்கு வந்ததும் கேட்டேன்.

“எல்லாரோடயும் சேந்து சொல்றப்ப என் பாவம் கூட்டத்துல ஒளிஞ்சிக்குதுங்க. அந்தத் தண்ணியக் குடிக்கிறவங்ககிட்ட போயி சொல்லப்போறேன்.”

“ஒனக்கென்ன பைத்தியமா? வேல போயிடும். சாமிகிட்ட சொன்னா பத்தாதா?”

“சாமியா அந்தத் தண்ணியக் குடிக்கிறாரு?”

எனக்குக் கோபம் தலைக்கேறியது. இரண்டு நாள் அவளோடு பேசவில்லை. மூன்றாம் நாள் அவள் பஸ்ஸுக்குக் கிளம்பியபோது மனசு கேட்காமல் ஸ்கூட்டரை எடுத்தேன்.

முதல் ஊர் ஒரு மீனவர் குப்பம். தெருக்குழாயில் பெண்கள் குடத்தோடு நின்றார்கள். அவள் நேராகப் போய் நின்று எல்லாவற்றையும் சொன்னாள். காய்ச்சலைச் சாக்காகச் சொல்லவில்லை. என் பெயரையும் எடுக்கவில்லை. நான் ஹெல்மெட்டைக் கூடக் கழற்றாமல் ஸ்கூட்டர் பக்கத்தில் ஒதுங்கி நின்றேன்.

“உப்புக் கரிக்குதுன்னு நாலு மனு போட்டோம்மா,” என்றாள் ஒருத்தி. “ஒங்க ஊரு தண்ணி நல்லாருக்குன்னு ரிப்போர்ட்டக் காட்டி அனுப்பிட்டாங்க. அது ஒன் வேலதானா?”

“என் வேலதாங்க. மன்னிச்சிக்கோங்க.”

ஒருத்தி காது கூசும்படி ஏசினாள். இன்னொருத்தி அங்கேயே கூடத்துக்குப் போன் போட்டுச் சொன்னாள். என் மனைவி தலைகுனிந்து நின்றாளே தவிர, அந்த இடத்தை விட்டு அசையவில்லை. நானாக இருந்தால் ஓடியிருப்பேன்.

அப்போது மோட்டார் போடுகிற அம்மாள் கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தாள்.

“அவள மட்டும் ஏன் ஏசுறீங்க? அவ வராமலே வந்தான்னு கையெழுத்துப் போட்டவ நான். மனுவுலயும் நாந்தான் மொதக் கையெழுத்து.” சொல்லும்போதே அழுதாள்.

பிறகு யாரோ என்னைக் காட்டி, “அது யாரு?” என்று கேட்டார்கள்.

“எங்க வூட்டுக்காரரு. வண்டி ஓட்ட வந்தாரு,” என்றாள் என் மனைவி.

அவள் பொய்யே சொல்லவில்லை. என் பங்கை நான்தான் சொல்ல வேண்டும் என்று விட்டுவைத்திருந்தாள். நானோ ஹெல்மெட்டின் கண்ணாடியை இறக்கிவிட்டுக்கொண்டேன்.

நாங்கள் கிளம்புமுன் கூடத்திலிருந்து அவளுக்குப் போன் வந்தது. இனி வேலைக்கு வர வேண்டாம் என்றார்கள். சரிங்க என்று சொல்லிவிட்டு, முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு வண்டியில் ஏறினாள்.

“வூட்டுக்குப் போயிடலாமா?” என்று கேட்டேன்.

“இன்னும் ஆறு ஊர் இருக்குதுங்க.”

அடுத்த ஊரில் அவள் வண்டியை விட்டு இறங்குமுன் நான் ஹெல்மெட்டைக் கழற்றிவிட்டுக் குழாயடிக்கு நடந்தேன்.